தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

யமுனா என்று கூப்பிட்டால் அந்தப் பிள்ளை ஒரு 'ம்' சொல்லும். அன்றைக்கு இரண்டு 'ம்' கேட்டது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். சுந்தரவல்லி இரும்புலியூர் ஸ்டாப்பில் இறங்கி, புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீர் ஏறியிருந்த தெருவைத் தாண்டி வந்தாள். கேட்டைத் தள்ளும்போதே பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் பக்கத்து வீட்டு எல்லம்மா. அங்கிருந்து ஒரு 'ம்' வந்தது. அது சரி. இன்னொன்று, பூட்டியிருந்த தன் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கி வாசல் சிமெண்டில் விழுந்து தெறித்தது. எல்லம்மாவின் எருமை எங்கேயோ செருமியது. தாம்பரத்துப் பக்கம் எலக்ட்ரிக் ரயில் ஒன்று ஊதிவிட்டுப் போனது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஓர் அமைதி இருந்தது.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பூட்டைத் திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. காயாத துணி வாடை. மண்ணெண்ணெய் வாடை. அவற்றுக்கு அடியில் லேசாக இன்னொன்று, பழம் அழுகி இனிக்கிற மாதிரி. அந்த வாடை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடக்கவில்லை. ஐந்து வருஷமாக அவளுக்கு எதுவும் உடனே உறைப்பதில்லை. ஊசி குத்தினால்கூட, கொஞ்சம் கழித்துத்தான் குத்தியது தெரியும்.

ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டில் இன்னொரு யமுனா இருந்தாள். நாலு வயசு முடிய ஒரு மாசம் இருக்கும்போது தொண்டை கட்டியது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்நாக்குக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது; பழம் அழுகி இனிக்கிற வாடை அடித்தது. தொண்டை அடைப்பான் என்றார்கள். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி, மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் பிள்ளையிடமிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அது நின்றது. மஞ்சள் கவுன் போட்டு, முதுகில் பட்டன் போன இடத்தில் ஊக்கு குத்தி, சுந்தரவல்லிதான் புதைக்கத் தூக்கிக் கொடுத்தாள். அழவில்லை. எல்லோரும் அழச் சொன்னார்கள். வரவில்லை.

அடுத்த வருஷமே மறுபடி பெண் பிறந்தது. எல்லம்மா அப்போதே சொன்னாள்.

"இதப் பாரு சுந்தரி. ஒண்ணு போய்ட்ட வூட்ல பொறந்த கொயந்த இது. குப்பமேட்ல போடு. நான் எடுத்துக்கறேன். நீ ஒரு படி தவிடு குடுத்து எங்கிட்டருந்து வாங்கிக்கோ. குப்பம்மான்னு பேரு வையி. குப்பைய எவன் திரும்பிப் பாப்பான்? எமன் கண்ணு அது மேல படாது."

சுந்தரவல்லி பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். "போங்கக்கா" என்று சொல்லிவிட்டாள்.

பேர் வைக்கிற பேச்சு வந்தபோது, ரேஷன் கார்டில் முதல் பிள்ளையின் பேர் அடிக்கப்படாமலே இருந்தது. அடிப்பதற்கு ஒரு மனு, சேர்ப்பதற்கு ஒரு மனு. இரண்டுக்கும் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக நடக்க வேண்டும். அவள் புருஷன் தயாளன் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதே பேர் இருக்கட்டுமே, சுந்தரி" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அந்தப் பேரைக் கூப்பிட ஆள் வேண்டியிருந்தது. அவள் சரி என்றாள். எதற்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இப்போதும் வேலை விட்டு வந்தால் அவன் கேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "யமுனா!" என்று இழுத்துக் கூப்பிடுவான். பிள்ளை எங்கிருந்தாலும் வெறுங்காலோடு ஓடும். முதல் பிள்ளையும் அப்படித்தான் ஓடும்.

அன்றைக்கும் ஓடியது. பாலை இறக்கிக்கொண்டே சுந்தரவல்லி காலடிகளைக் கேட்டாள். பிள்ளை ஓடி நின்ற பிறகும் இன்னும் இரண்டு அடி கேட்டது.

*

சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுக் காகிதங்களை கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற கம்பெனி. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். கருப்புத் திரையில் பச்சை எழுத்து. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. பிறகு மெஷின் இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். ஒத்துப்போகாவிட்டால் 'பீப்' என்று கத்தும். யோசிக்கக் கூடாது, பார்த்ததை அடிக்க வேண்டும் என்பதுதான் முதல்நாள் சொல்லிக் கொடுத்த பாடம். சுந்தரவல்லிக்கு அந்த வேலை தோதாக இருந்தது.

அந்த மாசம் வந்தது ஒரு குடும்பத்தின் வம்சாவளி. அமெரிக்காவில் யாரோ ஒரு பெரியவர் தன் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருந்தார். சர்ச் பதிவேடுகளை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார். ஹார்க்கெட் குடும்பம். மாசசூசெட்ஸ். இங்கிலாந்து ராஜா அந்த நாட்டை ஆண்ட காலம். அப்பா எபினேசர், அம்மா ஹன்னா. கீழே பிள்ளைகள்.

சுந்தரவல்லியின் ஜோடி செல்வமேரி. சேலையூர்ப் பெண். கை ஓடுகிற வேகத்தில் வாயும் ஓடும்.

"அக்கா, இந்தப் பக்கத்தப் பாத்தியா? பேஷன்ஸ்னு ஒரு பொண்ணு. நாலு வயசு முடியல, செத்துப்போச்சு. அடுத்த வருசம் ஒண்ணு பொறக்குது, அதுக்கும் பேஷன்ஸ். அதுவும் நாலு முடியல. அப்பறம் இன்னொரு பேஷன்ஸ். பேருக்கு அவ்ளோ பஞ்சமா இவனுங்களுக்கு?"

"அடி மேரி. சார் பாக்கிறார்."

"பொறுமைன்னு பேரு வெச்சுட்டு, ஒண்ணுக்காவது பொறுமை கீதா பாரு. பொசுக் பொசுக்னு போய்னே கீதுங்க."

சுந்தரவல்லி ஜெராக்ஸைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். மூன்று பேஷன்ஸுக்கும் எதிரில் சாவுக்குக் காரணம் போட்டிருந்தது. தொண்டை நோய். அவள் விரல் பார்த்ததை அடித்தது. எங்கேயோ வெகு தூரத்தில், கதவு மூடிய அறைக்குள், ஒரு பிள்ளை விசில் மாதிரி மூச்சை இழுத்தது. ஏ.சி. சத்தமாக இருக்கும்.

*

அடுத்த சில நாட்களில் சின்னச் சின்னதாக வந்தது.

காலையில் பாயைச் சுருட்டும்போது பிள்ளை படுத்த இடம் சூடாக இருந்தது. அதன் பக்கத்தில், யாரும் படுக்காத இடம், ஈரமாகச் சில்லென்று இருந்தது. கூரை ஒழுகியதோ என்று மேலே பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது.

பிள்ளை பிஸ்கட்டைப் பாதி தின்றுவிட்டு மீதியை அலமாரிக்குக் கீழே தள்ளியது.

"யாருக்குடி அது?"

"அவளுக்கு."

"எவளுக்கு?"

"யமுனாவுக்கு."

"நீதானே யமுனா?"

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. "ம்" என்ற சத்தம் மட்டும் வந்தது. சமையலறைப் பக்கமிருந்து.

சுந்தரவல்லி எழுந்து போய்ப் பார்த்தாள். குழாயில் தண்ணீர் சொட்டியது. குழாயை இறுக்கி மூடினாள். கை நடுங்கவில்லை. நடுங்காத தன் கையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாகக் கொஞ்சம் பயம் வந்தது.

தயாளனிடம் சொன்னாள். "வீட்ல ஒரு வாடை அடிக்குது."

"மழைல எலி செத்திருக்கும். ஞாயித்துக்கிழமை பாக்கறேன்."

"பிள்ளை வேற மாதிரி இருக்கு."

"அவளுக்கென்ன, ராஜாத்தி." பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் வைத்தான். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டான். "ஜில்லுன்னு இருக்காளே. மழைல விளையாட விட்டியா?"

அன்றிலிருந்து பிள்ளையின் குரல் கம்ம ஆரம்பித்தது.

*

ஹார்க்கெட் கட்டு முடிகிற நாள். பக்கங்களை ஒப்பிடும்போது மெஷின் கத்தியது. சூப்பர்வைசர் வேதசிரோமணி எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரே பேரு, ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒரே ஆளை ரெண்டு தடவை அடிச்சிட்டோம்னு மெஷின் நெனைக்குது. டூப்ளிகேட்."

"வேற வேற பிள்ளைங்க சார்" என்றாள் சுந்தரவல்லி.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. ரூல் ஒண்ணுதான். முதல்ல வந்தது நிக்கும். பின்னால வந்தது போயிடும். அழிக்கவான்னு கேக்குது பாரு. மேரி, எஸ்ஸுக்கு ஒய் அடி."

செல்வமேரி அடித்தாள். பச்சை எழுத்தில் இருந்த இரண்டாவது பேஷன்ஸ் திரையிலிருந்து போனது. கீழே இருந்த வரி சத்தமில்லாமல் மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுபடி கத்தியது. ஒய். மூன்றாவது போனது.

முதல் பேஷன்ஸ் மட்டும் நின்றாள்.

"இத்தப் பாருக்கா" என்றாள் செல்வமேரி. "கடைசிப் பொண்ணுக்குப் பேரே வெக்கல. பேரு போடற எடத்துல வெறும் கோடு. ஆனா எம்பது வயசுக்கு மேல இருந்துகீது கெழவி. கல்யாணப் பத்திரிகைல இன்னா போட்டானோ, வெறும் கோடா?"

"அந்தப் பெரியவர் அவ வம்சம்தான்" என்றார் வேதசிரோமணி. "மத்த ஒண்ணும் நிக்கலையே."

சுந்தரவல்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு. பேரில்லாத ஒருத்தி. அவளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு இன்னொருத்தி இருக்கவில்லை.

யமுனாவுக்கு அடுத்த மாசம் நாலு முடிகிறது.

"சார், எனக்கு பர்மிஷன் வேணும்."

"இப்பவா? கட்டு முடிய..."

அவள் எழுந்துவிட்டிருந்தாள். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை.

*

"இப்ப வந்து கேக்கறியா?" என்றாள் எல்லம்மா. "இடுப்புல நிக்காத கொயந்த, குப்பைல போட்டா ஓடிப்பூடும்."

"அக்கா, தொண்டையப் பாருங்க."

எல்லம்மா பிள்ளையின் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, லேசாகச் சிவந்திருக்கிறது என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

"வாடை அடிக்குது சுந்தரி."

"உங்களுக்கும் அடிக்குதா?"

"கெளம்பு. தவிடு வாங்கிகினு வா."

"உங்ககிட்ட இருக்கே அக்கா, எருமைக்கு."

"என் தவிட்டையே எனக்குக் குடுத்து வாங்குவியா? ஆவாது. உன் கையால வாங்கிகினு வரணும்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டுத் தீவனக் கடையில் ஒரு படி வாங்கினாள். பொட்டலத்தை மழை நனைக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஏரிக்கரைக் குப்பைமேட்டில் பிள்ளையை முறத்தின் மேல் நிற்கவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பத்தடி நடந்தாள். எல்லம்மா பின்னால் வந்து பிள்ளையை வாரி எடுத்தாள்.

"எந்த நாதாரியோ குப்பைல போட்டுட்டுப் போய்க்கீது. இனிமே இது எங்கொயந்த."

"எனக்குக் குடுங்க அக்கா."

"இன்னா குடுப்ப?"

"தவிடு குடுக்கிறேன்."

எல்லம்மா முந்தானையை விரித்தாள். சுந்தரவல்லி தவிட்டைக் கொட்டினாள். பிள்ளை கைமாறியது. கழுத்தைக் கட்டிக்கொண்டு, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

"உம் பேரு இன்னா?" என்றாள் எல்லம்மா.

பிள்ளை வாயைத் திறந்தது. எல்லம்மா அந்த வாயைப் பொத்தினாள்.

"குப்பு. இன்னா?"

"குப்பு" என்றது பிள்ளை. கம்மல் இல்லாத குரல்.

"இனிமே அந்தப் பழைய பேரு வாயில வரக் கூடாது. உன் வாயிலயும் வரக் கூடாது, உம் புருசன் வாயிலயும் வரக் கூடாது. ஒருக்கா வந்துதுன்னா குடுத்த தவிடு திரும்பிடும். புரியுதா?"

தயாளன் வருகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பட்டறைக்கு போன் போட்டாள். மழையில் லைன் செத்திருந்தது. பஸ் ஸ்டாப் வரை போய் நிற்கலாமா என்று பார்த்தாள். அவன் சைக்கிளில் எந்தச் சந்தில் வருவான் என்று தெரியாது. வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தாள். கேட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும். அவன் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டாள். வாடை இல்லை. பாய் காய்ந்திருந்தது. "குப்பு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"ம்."

ஒன்றுதான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றுதான்.

நெஞ்சுக்குள் ஏதோ இளகி, மரத்த கால் உயிர்பெறும்போது குத்துகிற மாதிரி குத்தியது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவைத்து, வாசற்படியில் உட்கார்ந்தாள். பிள்ளை தூங்கிப்போனது. அதன் மூச்சு அவள் வயிற்றில் சூடாகப் பட்டது.

கரண்ட் போனது.

தெரு முழுக்க ஒரே அடியாக இருட்டியது. மழை கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் பெய்தது. எல்லம்மா வீட்டில் யாரோ தீப்பெட்டி உரசினார்கள். பற்றவில்லை. ஏரிப்பக்கம் தவளைகள் கத்திக்கொண்டே இருந்து, எல்லாம் சொல்லிவைத்த மாதிரி நின்றன. அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வீடு திறந்து கிடந்தது.

வாடை வந்தது.

அவள் திரும்பவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

பின்னால், கூடத்தின் கடைசியில், விசில் மாதிரி ஒரு மூச்சு. உள்ளே இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. முன்பைவிடக் கிட்டத்தில்.

ஈரக் கால். சிமெண்டில். ஓர் அடி.

இன்னோர் அடி.

அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. தொடவில்லை. அவளைப் போலவே அதுவும் கேட்டைப் பார்த்துக் காத்திருந்தது.

தெருமுனையில் டைனமோ வெளிச்சம் தெரிந்தது. மங்கி, கூடி, மழையில் ஆடி வந்தது. தயாளன்தான். அவள் எழ வேண்டும். கத்த வேண்டும். கூப்பிடாதே. கூப்பிடாதே என்று ஒரு வார்த்தை. அது தொண்டைவரை வந்தது. வாய் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஐந்து வருஷமாக அவளுக்கு எல்லாவற்றுக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

சைக்கிள் ஸ்டாண்ட் தட்டுகிற சத்தம்.

"யமுனா!"

மடியில் இருந்த பிள்ளை அசையவில்லை.

"ம்" என்றது அவள் காதோரம்.

சில்லென்று ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு தாண்டியது. வெறுங்கால்கள் மழைக்குள் ஓடின. தண்ணீர் சளப் சளப் என்றது. கேட்டருகே தயாளன் சிரிக்கிற சத்தம் கேட்டது. குனிந்து தூக்குகிற சத்தம்.

"அடியே, மழைல எதுக்குடி ஓடி வர்றே? பாரு, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கா. சுந்தரி! என்ன பண்றே உள்ளே?"

அவள் இரண்டு கையாலும் மடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சூடு இருந்தது. கனம் இருந்தது. இருந்துகொண்டிருந்தது.

பிறகு கனம் குறைந்தது. மூட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

கரண்ட் வந்தது.

தயாளன் வாசலில் நின்றிருந்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. இடுப்பில் பிள்ளை அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் கவுன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முதுகில், பட்டன் இருக்க வேண்டிய இடத்தில், துருப்பிடித்த ஊக்கு.

"யாரைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கே?" என்றான் தயாளன்.

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் ஒரு படி தவிடு குவிந்திருந்தது. அதன் நடுவில், ஒரு பிள்ளையின் தலை அழுந்திய பள்ளம் இன்னும் சூடாக இருந்தது.